எனக்குப் பிடித்த சரித்திர மனிதர்

(நர்சிங் பள்ளியின் தீபமேற்றும் விழாவில், பல ஆண்டுகள் நர்சிங் ஆசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. விழாவுக்கு வர இயலாத நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடுகிறோம்.)



போன மாதம் உங்கள் பிரின்சிபால் அம்மா முதலாண்டு மாணவியருக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, “எனக்குப் பிடித்த சரித்திர மனிதர்”. வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள் என்று திருத்தும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நானும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கால்வாசிப் பேர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை எழுதியிருந்தீர்கள். அதில் குற்றமில்லை. 1854ல் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் பிடித்த விளக்கின் நினைவாகத்தானே நாம் இந்த விளக்கை ஏற்றுகிறோம்? மீதிப் பேர் அன்னை தெரேசாவை எழுதியிருந்தீர்கள். இரண்டு பேர் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரை எழுதியிருந்தீர்கள். ஒரு பிள்ளை மட்டும் துணிச்சலாகத் தன் பாட்டியை எழுதியிருந்தாள். பாட்டி சரித்திரத்தில் வரமாட்டார் என்று நான் மார்க்கைக் குறைக்கவில்லை.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நீங்க எழுதியிருந்தா யாரை எழுதியிருப்பீங்க?” என்று கேட்டாள். எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. “விழாவில் சொல்கிறேன்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இன்று சொல்லியாக வேண்டும்.

நான் எழுதியிருந்தால் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பவரை எழுதியிருப்பேன். உங்களில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். என் முப்பதாவது வயது வரை நானும் கேள்விப்பட்டதில்லை. அவரை நான் எப்படி அறிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பெருமை தரும் கதை அல்ல. ஆனாலும் இன்று விளக்கைப் பிடிக்கிறவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

1980களின் நடுவில் நான் வேறொரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஒரு நாள் காலை பத்து மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். வயிற்றுப்போக்கு. அப்படி ஒன்றும் மோசமான நிலை இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, உப்புச் சர்க்கரைப் பொடி பொட்டலம் நான்கு கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். நான் பொட்டலத்தை அவள் கையில் வைத்து, “ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஒரு பொட்டலத்தைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு” என்றேன். அவள் “சரிங்கம்மா” என்றாள். வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றார்கள். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மறுநாள் இரவு அந்தக் குழந்தை வலிப்போடு திரும்பி வந்தது. நாக்கு வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று தவித்தது. இரத்தத்தில் உப்பின் அளவு ஏறியிருந்தது. எப்படிக் கரைத்தாய் என்று டாக்டர் கேட்டார். அந்தத் தாய் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. “லிட்டருன்னா ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்துறதுங்க. எங்க வீட்டுல லிட்டர் ஏனம் ஏதுங்க? பாலாடை பிள்ளைக்குத்தானேன்னு ஒரு டம்ளர்ல கரைச்சேனுங்க.” ஐந்து டம்ளர் தண்ணீரில் கரைக்க வேண்டியதை ஒரே டம்ளரில் கரைத்து, பொறுப்பாக, ஒரு சொட்டு வீணாக்காமல் குழந்தைக்குப் புகட்டியிருக்கிறாள். நான்கு பொட்டலத்தில் மூன்று தீர்ந்திருந்தது.

இரண்டு நாள் போராட்டத்துக்குப் பின் ஆண்டவருடைய கிருபையால் குழந்தை பிழைத்தது. அந்த இரண்டு நாளும் நான் வார்டை விட்டுப் போகவில்லை. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நீ சரியாகத்தானே சொன்னாய், அவளுக்குப் புரியாவிட்டால் நீ என்ன செய்வாய்?” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் என்னை அதிகமாகக் குத்தியது.

அப்போது எங்கள் வார்டில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி நர்ஸாக இருந்தாள். 1983 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு படகேறி வந்தவள். மானிப்பாய் அவளுடைய ஊர். என்னைவிட இரண்டு வயது இளையவள். இரண்டாம் நாள் இரவு நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தபோது அவள் வந்து என் தோளைத் தொட்டாள். “அக்கா, அழாதேங்கோ. நீங்கள் தமிழிலைதான் சொன்னனீங்கள். ஆனால் அவவின்ரை தமிழிலை சொல்லேல்லை” என்றாள்.

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எல்லோரும் எனக்குச் சமாதானம் சொன்னபோது அவள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எங்கட ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னம் ஒரு அமெரிக்க டொக்டர் இருந்தவர், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர் என்று ஆரம்பித்தாள். அவர் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரி தன் வீட்டுக்குப் பக்கத்தில் என்றும் சொன்னாள். அன்றிரவு தொடங்கி அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன்.

சாமுவேல் கிரீன் 1822ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வுஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். வசதியும் கல்வியும் உள்ள பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிரீன், நியூயார்க் நகரத்தை இன்றைய பெருநகரமாக ஒன்றுசேர்த்ததில் முன்னின்றவர். தம்பியும் நியூயார்க்கிலேயே மருத்துவம் படித்தார். அங்கேயே தொழில் நடத்தியிருந்தால் பேரும் பணமும் வந்திருக்கும். அவரோ 1847ல் அமெரிக்க மிஷன் அனுப்ப, கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

அவருக்கு முன் அதே யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர். 1819ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். அவருடைய பேத்திதான் பின்னாளில் வேலூரில் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா அம்மையார். ஆகவே ஐடா அம்மையாரை எழுதிய அந்த இரண்டு மாணவியரும் என் மனிதருக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

டாக்டர் கிரீன் மானிப்பாயில் தங்கி, 1848லேயே சில வாலிபர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு ஆரம்பித்துவிட்டார். கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்தது 1870ல். அதற்கு இருபத்திரண்டு வருஷம் முந்தியே இலங்கைத் தீவின் வடக்கு முனையில், பனந்தோப்புகளுக்கு நடுவே, முறையான மருத்துவக் கல்வி தொடங்கியாயிற்று. ஒரே டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? தான் ஒருவன் வைத்தியம் பார்ப்பதைவிட, அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்தியராக்குவதே நிலைக்கும் என்று வந்த மறு வருஷமே அவர் கண்டுகொண்டார்.

முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில்தான். அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலை தேடி ஊரை விட்டுப் போகத் தொடங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆங்கிலம் ஒரு கதவு. கதவைத் திறந்துவிட்டால் ஆள் வெளியே போவான். ஆனால் கிராமத்தில் காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு என்ன மிச்சம்? உடல்நலம் குன்றி 1857ல் அமெரிக்கா திரும்பிய டாக்டர் கிரீன், 1862ல் மணம் முடித்து மனைவி மார்கரெட் அம்மையாரோடு மீண்டும் மானிப்பாய் வந்தார். அதன்பின் தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பது என்று உறுதியாக இறங்கினார்.

அந்தத் தீர்மானம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அன்று மேலைநாட்டு மருத்துவத்துக்குத் தமிழில் போதுமான பாடப் புத்தகம் இல்லை. மருத்துவச் சொற்களும் இல்லை. மாணவனுக்கு இருதயத்தின் அறைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால், முதலில் அந்த அறைகளுக்குப் பெயர் வைக்க வேண்டும்! பகலில் நோயாளிகள், அதன்பின் வகுப்பு, மிச்ச நேரத்தில் மொழிபெயர்ப்பு என்று ஒரு மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தார்.

சொல் தேடுவதற்கு அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் சொல் உண்டா என்று பார்ப்பார். இல்லையானால் சமஸ்கிருதத்தில் தேடுவார். அதிலும் அமையாவிட்டால் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உடை உடுத்திவிடுவார். உடற்கூறு நூலுக்கு அவர் வைத்த பெயர் அங்காதிபாதம். உடல் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் நூல் சுகரணம். அறுவை மருத்துவம் இரண வைத்தியம். ரசாயனத்துக்கு வைத்த பெயர் கெமிஸ்தம். அதை முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். நான் நர்சிங் படித்தபோது கெமிஸ்ட்ரி என்றே சொல்லி, கெமிஸ்ட்ரி என்றே எழுதினேன். அந்த மனிதராவது அதற்கு ஒரு வேட்டி கட்டிவிடப் பார்த்தார்.

பிரசவ வைத்தியம் 1857ல் வந்தது. இரண வைத்தியம் 1867ல். மனுஷ அங்காதிபாதம் 1872ல். இந்தக் கடைசிப் புத்தகத்தைச் சற்றுக் கவனியுங்கள். உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிற கிரேயின் உடற்கூறு நூல் லண்டனில் முதலில் வெளிவந்தது 1858ல். கிரே முதலானோரின் நூல்களை ஆதாரமாகக் கொண்ட தமிழ் நூல் பதினான்கே வருஷத்தில் மானிப்பாய் மாணவன் கைக்கு வந்துவிட்டது. 2022ல் மத்தியப் பிரதேச அரசு மருத்துவப் பாடப் புத்தகங்களை இந்தியில் வெளியிட்டபோது அது பெரிய புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குச் சரியாக நூற்றைம்பது வருஷம் முந்தியே இந்த வேலை தமிழில் நடந்திருக்கிறது.

இதை அவர் தனியே செய்யவில்லை. டான்வொர்த், சாப்மன் போன்ற அவருடைய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோளோடு தோள் நின்றார்கள். ஆங்கிலப் பெயர்களைக் கேட்டு ஏமாறாதீர்கள். அவர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். மிஷன் பள்ளிகளில் அப்படிப் பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. டாக்டர் கிரீனோ தம் மாணவர்கள் மேல்நாட்டார் மாதிரி உடுத்தி, மேல்நாட்டார் மாதிரி நடப்பதை விரும்பவில்லை. கிறிஸ்தவனாவதற்குத் தமிழனாக இருப்பதை விட வேண்டியதில்லை, டாக்டராவதற்கும் விட வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்ட வைத்தியனிடம் கிராமத்து மனிதன் தன் நோயை மனம்விட்டுச் சொல்லமாட்டான் அல்லவா?

1873ல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு ஊர் திரும்பினார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றுவித்திருந்தார். அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள். ஊர் திரும்பியவர் ஓய்வெடுத்தாரா? இல்லை. வுஸ்டரில் உட்கார்ந்துகொண்டு தமிழ் எழுதினார். வெளியே பனி பெய்யும் ஊரில், தமிழ் பேச ஆளில்லாத இடத்தில், தமிழ்ப் பாடப் புத்தகங்களை முடித்தார். கெமிஸ்தம் 1875ல் வெளிவந்தது. மனுஷ சுகரணம் 1883ல் வெளிவந்தது. அன்று கடிதம் என்றால் கப்பல் தபால்தான். ஒரு சொல்லைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் பதில் வர மாதங்கள் ஆகும். அவர் மொழிபெயர்த்தும் திருத்தியும் தந்த பக்கங்கள் எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்கு மேல். 1884 மே மாதம் அவர் காலமானார். அவருடைய விருப்பப்படியே, தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொருள்படும் வார்த்தைகளை அவர் கல்லறையில் பொறித்தார்கள். வுஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் தமிழர் என்ற சொல் அவர் பெயரோடு இன்றும் நிற்கிறது.

இப்பொழுது உங்களில் ஒருத்தி மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. “டீச்சர், அவர் தொடங்கினது நின்றுபோயிற்றே?” ஆம், நின்றுபோயிற்று. அவருக்குப் பின் அந்தத் தமிழ் மருத்துவ வகுப்பு நீடிக்கவில்லை. மருத்துவக் கல்வி மறுபடி ஆங்கிலத்துக்கே திரும்பியது. அந்த நாலாயிரம் பக்கங்களில் இன்று ஒரு பக்கத்தைக்கூட எந்தக் கல்லூரியும் பாடமாக வைப்பதில்லை.

இன்னும் ஒன்று. அந்தப் புத்தகங்களிலுள்ள வைத்தியத்தை இன்று யாருக்கும் செய்யவும் கூடாது. பாதரச மருந்தும் இரத்தம் எடுப்பதும் பாடப் புத்தகங்களில் இருந்த காலம் அது. காலராவைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கொள்ளை நோயாக வந்த காலராவில் டாக்டர் கிரீனும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராக அலைந்து வைத்தியம் செய்தார்கள். ஆனால் காலராக் கிருமி இன்னதென்று ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதி செய்தது 1884ல். டாக்டர் கிரீன் கண்மூடிய அதே வருஷம். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வாயால் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் திலீப் மகலனாபிஸ் வங்காளத்து அகதி முகாமில் காட்டியது 1971ல். அந்தப் பொட்டலம் டாக்டர் கிரீனிடம் இருந்ததில்லை.

என்னிடம் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அவருக்குக் கிடைக்காத மருந்து என் கையில் இருந்தது. அவரிடம் இருந்த ஒன்று என்னிடம் இல்லை. மருந்தைவிட முந்தி வார்த்தை போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அது. அவர் அமெரிக்காவில் பிறந்து தமிழைப் படித்து வந்தவர். நான் தமிழ்நாட்டில் பிறந்து, தமிழிலேயே பேசி, ஒரு குழந்தையை ஏறக்குறைய கொன்றுவிட்டேன்.

ஆகவேதான் அவர் எனக்குப் பிடித்தவர். அவருடைய மருந்துகளுக்காக அல்ல. அவை காலாவதி ஆகிவிட்டன. அவருடைய சொற்களுக்காகவும் அல்ல. அங்காதிபாதம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. அவர் மாறுபாடில்லாத மனிதர் என்பதற்காகவும் அல்ல. மேல்நாட்டு வைத்தியமே வைத்தியம் என்று எண்ணிய காலத்து மனிதர்தான் அவரும். நோயாளிக்குப் புரியும்வரை நம் வேலை முடிவதில்லை என்று நம்பி, அந்த ஒரு நம்பிக்கைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டாரே, அதற்காக.

அவர் பிறந்த அதே 1822ல்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். சமய விஷயத்தில் மிஷனெரிகளும் நாவலரும் எதிரெதிர்ப் பக்கம். ஆனாலும் சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி தமிழில் எழுத வேண்டும் என்பதில் இந்த இருவரும் ஒரே பாடுதான் பட்டார்கள். வேதத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல. பெந்தெகொஸ்தே நாளில் நடந்த அற்புதம் என்ன? கூடி வந்தவர்களெல்லாம் ஒரு பரிசுத்த பாஷையைக் கற்றுக்கொண்டார்கள் என்றா எழுதியிருக்கிறது? இல்லையே. கேட்டவன் எந்த ஊர்க்காரனோ, அந்த ஊர்ப் பேச்சிலேயே செய்தி அவனைத் தேடி வந்தது. கேட்கிறவன் ஏறிவர வேண்டியதில்லை. பேசுகிறவன் இறங்கிப் போக வேண்டும்.

மகள்மாரே, நாளை நீங்கள் வார்டுக்குப் போவீர்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். பயாப்ஸி, கிரியாட்டினின், ஸ்டென்ட் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அவரைக் குறைசொல்லாதீர்கள். அவருக்கு நூறு பேர். அவர் நகர்ந்தவுடன் அந்தக் கட்டிலில் இருப்பவர் யார் முகத்தைப் பார்ப்பார் தெரியுமா? உங்கள் முகத்தை. “என்னம்மா சொல்லிட்டுப் போறாரு?” என்று கண்ணாலேயே கேட்பார். அந்த ஒரு நிமிஷம் உங்கள் மானிப்பாய். அங்கே உங்களைத் தவிர வேறு மொழிபெயர்ப்பாளர் கிடையாது.

நான் தவறிப் படித்த பாடத்தை உங்களுக்கு மூன்று காரியமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, “சரிங்க” என்ற வார்த்தையை நம்பாதீர்கள். நம் ஜனங்கள் மரியாதைக்காகச் சொல்வார்கள். பயத்தினால் சொல்வார்கள். உங்களுக்கு நேரமாகிறதே என்ற இரக்கத்தினாலும் சொல்வார்கள். புரிந்தது என்பது அதற்கு அர்த்தமல்ல.

இரண்டாவது, “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். அதற்கும் பதில் “சரிங்க”தான். “அம்மா, நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் இதை எப்படிக் கொடுப்பீங்க, ஒரு தடவை எனக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். பரீட்சை அவர்களுக்கு அல்ல, உங்களுக்கு என்பது அவர்களுக்குத் தெரியட்டும். தவறாகத் திருப்பிச் சொன்னால், தவறியது நீங்கள். மறுபடி சொல்லுங்கள்.

மூன்றாவது, அளவை அவர்கள் வீட்டு ஏனத்தில் சொல்லுங்கள். லிட்டர் வேண்டாம். “உங்க வீட்டுல எந்த டம்ளர்ல காப்பி குடிப்பீங்க?” என்று கேட்டு, அந்த அளவு டம்ளரைக் கையில் காட்டி, இத்தனை டம்ளர் என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்தக் குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போன நாளில் நானும் அந்த யாழ்ப்பாணத்துத் தங்கையும் கடைத்தெருவுக்குப் போய் எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி வந்தோம். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்த்தோம். சின்ன டம்ளர், பெரிய டம்ளர் எதற்கு எத்தனை என்று அட்டையில் எழுதி வார்டில் மாட்டினோம். எனக்குத் தெரிந்து நான் எழுதிய முதல் மருத்துவ நூல் அதுதான். ஒரே பக்கம்.

இங்கே வந்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இந்த ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கொடுத்திருக்கிறீர்கள், கருவி கொடுத்திருக்கிறீர்கள். அவற்றைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஒரு நர்ஸ் ஒரு கிராமத்துத் தாயின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷம் அவளுடைய பேச்சிலேயே பேசுகிறாளே, அது எந்தக் கணக்கிலும் வராது. அந்தப் பத்து நிமிஷமும் உங்கள் உதவியால்தான் நடக்கிறது என்பதை மறவாதிருங்கள்.

எனக்கு அந்த உண்மையைச் சொன்ன தங்கை சில வருஷத்துக்குப் பின் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, “அக்கா, என்னை மறந்தாலும் கிறீன் டொக்டரை மறந்திடாதேங்கோ” என்றாள். இருவரையும் மறக்கவில்லை.

பிரின்சிபால் அம்மா, என் கட்டுரையை நான் ஒப்படைத்துவிட்டேன். மார்க்கு நீங்கள் போடுங்கள். மகள்மாரே, விளக்கைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கு கட்டிலில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு. முகத்தைப் பார்த்தபின், அவருக்கு விளங்கும் சொல்லையும் தேடிக் கொடுங்கள். ஆண்டவர் உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.